ஜம்போலாத் தோல்

வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் காய்ச்சினேன். அந்தப் பியரில் ஒரு பழத்தின் தோலைப் போட்டேன். அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிழையாகப் படித்துச் சொல்லியிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கினேன். இவை எல்லாம் சேர்ந்து என் சிநேகிதரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தின. இதை எழுதும்போதும் ரோட்டில் ஒரு ஜீப் முனகிக்கொண்டு மேட்டில் ஏறினால், கள்ளச்சாராயம் பிடிக்கும் எக்சைஸ்காரரோ என்று என் பேனா நின்றுவிடுகிறது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தேன். கடைசிப் பத்து வருடம் அதிபர். வருடத்துக்கு ஒரு முறையாவது காலைக் கூட்டத்தில் கசிப்பைப் பற்றிப் பேசுவேன். களவாகக் காய்ச்சும் அந்தச் சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று நான் சொல்லும்போது முன்வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களில் பலருடைய தகப்பன்மார் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்துதான் அப்படிப் பேசினேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு தாள் வந்தாலும் அது என் வீட்டுக்கு வரும். அடையாள அட்டை, ஓய்வூதியம், பொலிஸ் முறைப்பாடு, மருந்துச் சீட்டு, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் ஒப்பந்தம். "மாஸ்டர் சொல்லிட்டாரு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கொழும்போடு தங்கிவிட்ட பிறகு, என்னிடம் மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

சிநேகிதர் தேயிலைத் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தவர். வாடிய கொழுந்தை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் காற்று வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருடைய மூக்கைப் பற்றித் தொழிற்சாலையில் பல கதைகள் உண்டு. இரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து சாராயத்தை விட்டவர். விட்டார் என்பதைவிட, அவருடைய மனைவி விடவைத்தார் என்பதுதான் சரி. அந்த அம்மாவை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவர் எனக்கு அண்ணே என்பார். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். ஏழு வருடமாக வீட்டுக்குள் ஒரு துளி மது வராமல் காவல் காத்தவர்.

பியர் யோசனை என்னுடையது. கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் குசினியில் காய்ச்சிக் காட்டியதைப் பார்த்தேன். நொதித்தலை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியவன், ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பொழுது போகாத கிழவனுக்கு அந்த ஆசை போதுமாயிருந்தது.

கடையில் கஞ்சிக்கு விற்கும் பார்லியை வாங்கினோம். தோல் நீக்கியது முளைக்கவில்லை. முழுத் தானியம் தேடிப் பிடித்து ஈரச் சாக்கில் பரப்பி முளைக்கவைத்தோம். அதை உலர்த்தும் வேலை சிநேகிதருடையது. முளையைக் கையில் அள்ளி, பழைய பழக்கத்தில் அழுத்தி, முகர்ந்து, "இன்னும் பச்ச வாட இருக்கு" என்பார். காய்ச்சி ஆறவைத்து, பாணுக்குப் போடும் ஈஸ்ட்டைத் தூவி, பெரிய தண்ணீர்க் கலனில் ஊற்றி மூடினோம். மூடியில் ஒரு குழாயைச் செருகி அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் விட்டோம். மறுநாள் குமிழி வரத் தொடங்கியது. பழைய கொப்பிகள் அடுக்கிய என் சாமான் அறையில் இரவும் பகலும் பொளக், பொளக் என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து பயமும் தொடங்கியது. முற்றத்தில் யாராவது வந்து நின்று பேசினால் நான் உரக்கப் பேசுவேன். ரேடியோவைப் போட்டுவிடுவேன். வாடை வெளியே போகாமலிருக்கச் சாம்பிராணி போட்டேன். அடுத்த வீட்டுக்காரர், "மாஸ்டருக்கு வயசானதும் பக்தி கூடிப்போச்சு" என்றார்.

முதல் காய்ச்சல் இனித்துத் திகட்டியது. பியருக்குக் கசப்புக் கொடுக்கும் பூ இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக அடுத்த தடவை எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். சிநேகிதர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், ஊறுகா சாடிய கழுவி ஊத்துனீங்களா?"

"கசப்பு வேணும்ல."

"கசப்பு வேணும். கசாயமா வேணும்?"

அடுத்துப் பிபிலை ஊர்த் தோடம்பழம், அதாவது ஆரஞ்சு. தோல் மணத்தது. ஆனால் கொதித்த பிறகு அந்த மணம் போன இடம் தெரியவில்லை. அப்போதுதான் அவர் தொழிற்சாலைப் பாடத்தை எனக்குச் சொன்னார். "மணம்னா சூட்டுக்குப் பயந்தது மாஸ்டர். அடுப்புல ஏத்துனா புகைபோக்கி வழியா ஓடிரும். ஆறுன பொறகு போட்டுப் பாருங்க." அது சரியாக இருந்தது. குமிழி அடங்கிய மூன்றாவது நாள், தோலின் மஞ்சள் மேற்பகுதியை மட்டும் கத்தியால் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை ஒட்டாமல் பார்த்து, துணியில் முடிந்து கலனுக்குள் இறக்கினோம். இரண்டு நாளில் எடுத்துவிட்டோம். அந்தப் போத்தலைத் திறந்தபோது அறை முழுவதும் தோடம்பழத் தோட்டம்போல் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "பாஸ்" என்றார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜம்போலா மரம் நிற்கிறது. புத்தகத்தில் பம்பளிமாஸ் என்று எழுதுவார்கள். குழந்தையின் தலையளவு பழம், விரல் தடிப்புக்குத் தோல். அந்த வருடம் மரம் கொள்ளாமல் காய்த்து விழுந்துகொண்டிருந்தது. அதன் தோலில் தோடம்பழத்தைவிடக் கூர்மையான மணம், நாக்கின் அடியில் நிற்கும் கசப்பு. தேடிய கசப்பும் தேடிய மணமும் ஒரே தோலில் கிடைத்துவிட்டன என்று துள்ளினேன். நான்கு பழத்தின் தோலைச் சீவிப் போட்டேன். ருசி போதாது என்று சாற்றையும் பிழிந்து ஊற்றினேன்.

சிநேகிதர் என் வீட்டில் உட்கார்ந்து குடிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தங்கச்சி தேடிக்கொண்டு வந்துவிடுவார். ஆகவே நான் ஒரு வழி செய்தேன். நான்கு போத்தலில் பியரை நிரப்பி, கையால் பார்லி என்று எழுதி ஒட்டி, நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தங்கச்சி மூடியைத் திறந்து முகர்ந்தார். "என்னாண்ணே, புளிச்ச வாட அடிக்குது?"

"பார்லித் தண்ணி. ஜம்போலா புழிஞ்சிருக்கு. அதான்."

"ஒடம்புக்கு நல்லதா?"

"குளிர்ச்சி. ஒண்ணுக்கு நல்லாப் போகும்."

அவருக்குப் பின்னால் சிநேகிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். இருமுகிறார் என்று நினைத்துத் தங்கச்சி அவருக்கே முதல் குவளையை ஊற்றிக் கொடுத்தார். அது எங்களுக்குப் பெரிய பகிடியாக இருந்தது. ஏழு வருடம் மதுவை வாசலில் நிறுத்திய கையால் தினமும் காலையில் ஒரு குவளை பியரை ஊற்றிக் கொடுக்கவைத்தேன். பிரஷர் மாத்திரையையும் அதோடுதான் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இனி அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில மாதம் முன்னால் கிளினிக்கில் மாத்திரையை மாற்றி எழுதியிருந்தார்கள். வெளியே மருந்துக்கடையில் வாங்கிய பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாள் இருந்தது. பொடி எழுத்து. தங்கச்சி அதை என்னிடம் கொண்டுவந்தார். இந்த மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்று அதில் இருந்தது. கிரேப் என்றால் திராட்சை, ஃப்ரூட் என்றால் பழம். ஒரு கணமும் யோசிக்கவில்லை. அகராதி கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"திராட்சப் பழம் சாப்பிடக் கூடாதாம் தங்கச்சி."

"கேட்டீங்களா? மாஸ்டர் சொல்லிட்டாரு, திராட்ச கூடாது" என்று அவர் வாசலில் நின்ற புருஷனிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாயாசத்தில் உலர்ந்த திராட்சைகூட விழுந்ததில்லை.

சிநேகிதர் விழுந்தது ஒரு காலை. லயத்துக்குக் கீழே மலைத்தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவப் போனவர் எழுந்து நின்றதும் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை கல்லில் அடிபட்டு மணிக்கட்டு பிசகியிருந்தது. நான் ஓடிப்போனபோது முகம் சாம்பலாக இருந்தது. வியர்வை. நாடியைப் பிடித்தேன். வேகமாக ஓடியது, ஆனால் விரலுக்குக் கீழே இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக. ஆட்டோவில் ஏற்றினோம். பின்சீட்டில் அவர் தலை தங்கச்சியின் மடியில், கால்கள் என் மடியில். பனிக்குள் வளைவு வளைவாகப் பதுளைக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நாடி நின்றுவிட்டதாகத் தோன்றும். அழுத்திப் பிடித்தால் இருக்கும். ஜம்போலாத் தோலில் ஏதும் நஞ்சு இறங்கியிருக்குமா, கலனில் ஏதும் ஊறியிருக்குமா என்று என் மனம் பாய்ந்து பாய்ந்து ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன். இவர் செத்தால் பரிசோதிப்பார்கள், பொலிஸ் வரும், மாஸ்டர் வீட்டில் பியர் காய்ச்சினார் என்று தோட்டம் முழுவதும் தெரியும். அந்த இரண்டு பயங்களில் எது பெரிதாக இருந்தது என்று இன்றுவரை என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். தங்கச்சிக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னேன். வேறு மருந்து ஏதும் எடுத்தாரா? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. மாத்திரையைத் தவறி இரண்டு தடவை எடுத்தாரா? தங்கச்சியிடம் கேட்டேன். ஒரே தடவை என்றார். மது பாவிப்பாரா என்று டொக்டர் கேட்டபோது நான் தங்கச்சியின் பக்கம் திரும்பவே இல்லை. இல்லை என்று நானே சொன்னேன்.

"டொக்டர் என்னா கேக்குறாரு?" என்றார் தங்கச்சி.

"மாத்திரய எதோட குடிச்சாருன்னு கேக்குறாரு." உண்மையில் அடுத்த கேள்வி அதுதான்.

"பார்லித் தண்ணியோட. நீங்க குடுத்தீங்கல்ல, அது. நாலு நாளாக் குடுக்குறேன். சொல்லுங்கண்ணே, அது நல்லதுன்னும் சொல்லுங்க."

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் சிங்களத்தில் ஒரே ஒரு சொல் சொன்னேன்.

"தண்ணீரோடு."

அவர் அதை எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு நாங்கள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சேலைன் ஏற்றினார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு தாதி ஓடினார், இன்னொருவர் ஓடினார். அழுத்தம் ஏறவில்லை என்று கதவருகில் யாரோ சொன்னது எனக்கு மட்டும் விளங்கியது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துகொள்ள முயன்றார். நான் முகத்தைக் கட்டிப்போட்டிருந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க இல்லாட்டி நான் இந்த ஆளுங்ககிட்ட என்னா பேசியிருப்பேன்? சாமி மாதிரி வந்தீங்கண்ணே."

அதைக் கேட்டதும் எழுந்து கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் மூன்று மணி நேரம். சுவரில் கடிகாரம் இருந்ததால் எனக்குக் கணக்குத் தெரியும்.

இதயக் கோளாறு என்று நினைத்து அதற்கான சிகிச்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்று தாதி ஒருவர் சொன்னபோதுதான் எழுந்தேன். இல்லாத நோய்க்கு மருந்து ஏற்றப்போகிறார்கள். டொக்டரைத் தேடிப்போய் ஆங்கிலத்தில் பேசினேன். தங்கச்சிக்கு ஒரு சொல்லும் விளங்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆங்கிலம். அதுவும் கோழைத்தனம். பார்லியில் நானே காய்ச்சிய பியர், நான்கு நாளாக, காலையில், மாத்திரையோடு என்றேன். அவர் முகம் இறுகியது. அதில் வேறு என்ன போட்டாய் என்று கேட்டார்.

"ஜம்போலா. தோலும் சாறும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். எவ்வளவு என்றார். சொன்னேன். அந்த மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றுவதை இந்தப் பழம் தடுக்கும், மாத்திரை இரத்தத்தில் தேங்கிவிடும், அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும், கூட மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரப் பழம் இது, பெட்டியிலேயே தாள் இருக்குமே, யாரும் படித்துச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

கிரேப்ஃப்ரூட் என்றால் திராட்சைதானே என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் ஒரு பந்தைப் பிடிப்பதுபோல் வைத்துக் காட்டினார். "தோடம்பழ இனம்" என்றார். "இதை வந்தவுடனே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் இதயத்தில் தேடியிருக்க மாட்டோம்." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. ஓடினார்.

பிற்பகலில் அழுத்தம் ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "மாஸ்டர், பரீட்சயில நான் பெயில்" என்றார் சிநேகிதர். பியர் விஷயத்தை அவர் மனைவியிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டொக்டரும் எங்கள் வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்டார். ஜம்போலா இந்த மாத்திரைக்கு ஆகாது என்று மட்டும் தங்கச்சியிடம் சொன்னேன். அவர் அழுதார். "என் கையாலயே குடுத்தேனே" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்றே மிச்சமிருந்த பியரைக் கொல்லையில் ஊற்றினேன். கலனை வெட்டிப் பூச்செடி வைத்தேன். ஜீப் எதுவும் வரவில்லை. ஆறு மாதம் ஓடியது.

கோவில் பூசையொன்றில் பிரசாதத் தட்டைச் சிநேகிதரிடம் நீட்டினார்கள். அவர் இடது கையால் (வலது மணிக்கட்டு நேராகவே ஆகவில்லை, இனி அதில் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது) சர்க்கரைப் பொங்கலில் கிடந்த இரண்டு திராட்சையைப் பொறுக்கி இலையின் ஓரத்தில் வைத்தார். பக்கத்திலிருந்தவர் ஏன் என்று கேட்டார்.

"மாஸ்டர் சொல்லியிருக்காரு."

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரையும் உட்காரச் சொல்லி இரண்டு விஷயங்களைச் சொன்னேன். போத்தலில் இருந்தது என்ன என்பதை, திராட்சை என்று நான் படித்த சொல்லை. சிநேகிதர் முதலில் வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு சிரித்தார். "அட பாவி மாஸ்டர்! தீவாளிக்குக்கூட ஒரு திராட்ச திங்காம கெடந்தேனே!"

தங்கச்சி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஆஸ்பத்திரில பார்லித் தண்ணின்னு நான் சொன்னேன். நீங்க டொக்டர்கிட்ட என்னான்னு சொன்னீங்க?"

"தண்ணீர்னு சொன்னேன்."

"பார்லிய ஏன் விட்டீங்க?"

பயந்துவிட்டேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். அந்த வீட்டின் தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டுகள், ஓய்வூதியக் கடிதம், மகளின் ஒப்பந்தம். எல்லாம் நான் படித்துச் சொன்னவை. என்னிடம் தருவார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"இனிமே டவுன்ல மருந்துக்கடைல கேட்டுக்கிறேண்ணே" என்றார். அண்ணே என்பதை விடவில்லை. தேநீரும் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு பயம். எக்சைஸ்காரரையும் பொலிஸையும் பற்றியதல்ல. முப்பது வருடமாக எத்தனை தாள்கள். படித்தவுடன் சொன்னேன், ஒரு தடவையும் அகராதியை எடுத்ததில்லை. யாருடைய கடிதத்தில் எந்தச் சொல்லைத் திராட்சை ஆக்கினேன்? என் வாயைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அவர்களுடைய முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கையில் தாளோடு வருகின்றன.

போன வாரம் மேல் லயத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குப் புது மாத்திரை, உள்ளே ஒரு துண்டுத் தாள். கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். அகராதியில் பார்த்தேன். ஒரு சொல் அதில் இல்லை. தெரியவில்லை என்றேன்.

"மாஸ்டருக்கே தெரியலையா?" அவர் நம்பவில்லை. "சரி, அப்ப இன்னிக்கு மாத்திரயப் போடவா, வேணாமா?"

போடுங்கள் என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். சட்டையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தேன். வாங்க, கிளினிக்குக்கே போய்க் கேட்போம் என்றேன்.

"ஒத்தச் சொல்லுக்காகவா டவுனுக்கு? அடுப்புல பருப்பு கெடக்கு மாஸ்டர்."

"எறக்கி வெச்சிட்டு வாங்க. நான் பஸ் ஹோல்ட்ல நிக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பஸ் வரும்வரை அதை நான்கு தடவை வெளியே எடுத்துப் பார்த்தேன்.